நெல்சனுக்கு இருமலே கிடையாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். டோல்கேட் பக்கம் டாக்டர் மரியத்தின் கிளினிக்கில், முதுகுவலியோடு டோக்கன் அறுபத்தொன்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனால் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அதையும் அவருடைய போன் தின்றுவிட்டது. ஸ்பீக்கரில் பேசினார். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பெருந்தொற்றுக்குப் பின் குடும்ப மருத்துவம் பல சவால்களைச் சந்தித்து வ—’

(வேண்டாம். மாநாட்டில் டீ வருகிறவரை வாசிக்கலாம்.)

இரண்டாம் தொடக்கம்: ‘டாக்டர் மரியம் களைத்திருந்தார்.’

(இதில் என்ன புதுசு? கம்பவுண்டர் வேலையை விட்டு நின்றுவிட்டார், நர்ஸ் துபாய் போய்விட்டாள், கூட்டம் மட்டும் இரண்டு மடங்கு. வருகிறவர்களில் பாதிப் பேர் யூடியூப் பார்த்து நோயையும் மருந்தையும் முடிவு செய்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் வருகிறார்கள்.)

மூன்றாம் தொடக்கம். இது தேறும்: வாட்ஸ்அப்பில் ஒரு விரல் வந்தது.

3

விரலை அனுப்பியவன் நெட்டுக்குப்பத்து நெல்சன். மீன்பிடித் தொழில், வயது நாற்பத்திரண்டு. போன வாரம் மனைவி ரூத்தின் பிரஷர் மாத்திரைக்குத் துணையாக வந்தவனின் சட்டை, கொடியில் காய்வதுபோல் தொங்கியதை மரியம் கவனித்தார். இருமலா என்றார். இல்லை என்றான். காய்ச்சல்? இல்லை. காசநோயோ என்று சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டுக்கும் எழுதிக் கொடுத்து, கொரோனா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் ஆக்சிஜன் மீட்டரை விரலில் மாட்டிப் படம் அனுப்பச் சொன்னார்.

படம் வந்தது. தொண்ணூற்றெட்டு. பிரமாதமான எண். மரியம் எண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்து விரலின் நகத்தைப் பார்த்தார். உடனே போன் போட்டார்.

“நெல்சன், எப்போலேர்ந்து ரோஸ் கலர் நெயில் பாலிஷ் போடற?”

“அது... பாப்பா வெளயாட்டுக்குப் போட்டுச்சு டாக்டரம்மா.”

“அந்த மோதிரமும் பாப்பாதான் போட்டுச்சா?”

போன் கை மாறியது.

“அது என் வெரலு டாக்டரம்மா,” என்றாள் ரூத். “இந்தாளு வெரல்ல எண்பத்தாறு காட்டுது. மூச்சு வாங்கிகினே கீது. போன வாரம் உங்க கிட்ட வரசொல்லோகூட ஜொரம் தெரியக்கூடாதுன்னு மாத்திர போட்டுக்கினுதான் வந்துச்சு.”

மரியத்துக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றது. “இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்புலன்ஸ் சொல்றேன்.”

“ஆம்புலன்ஸா?” நெல்சன் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். “கொரோனால எங்க நைனா நடந்து போய்த்தான் ஏறுனாரு. கடசீல மூஞ்சியக்கூட காட்டல. வூட்டுக்குத் தகரம்* அட்ச்சிட்டுப் போனாங்கோ. என்ன வுட்ருங்க.”

(* அந்தத் தகரம் இப்போது அவர்கள் கோழிக்கூண்டின் கூரை. அரசுப் பொருள் வீணாகவில்லை.)

அன்று அந்த நைனாவுக்குப் பெரியாஸ்பத்திரிச் சீட்டு எழுதியவர் மரியம். ‘ரெண்டு நாள்ல வந்துடுவாரு’ என்று சொன்னவரும் அவரே. இந்த இடத்தில் என் கிண்டல் எனக்கே கூசியது.

4

முடிவு அ: நெல்சன் மனம் திருந்துகிறான். பின்னணியில் சுகாதாரத் துறையின் விளம்பர இசை.

முடிவு ஆ: மரியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் நெட்டுக்குப்பம் பறக்கிறார். (வெளியே முப்பது பேர். கதவை ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தார்கள்.)

முடிவு இ: எழுத மாட்டேன். ரூத்தின் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

5

நடந்தது இவ்வளவுதான். ஸ்பீக்கரில் நெல்சன் ஒரு இருமலை விழுங்குவது கேட்டது. பிறகு, “ஒண்ணே ஒண்ணு சொல்லு டாக்டரம்மா. ரூத்த என் பக்கத்துல இருக்க வுடுவாங்களா? நீ சொன்னா வரேன்,” என்றான்.

மரியத்துக்குத் தெரியாது. அது வார்டுக்கு வார்டு, வாசலில் நிற்கும் காவலாளியின் மூடுக்கு மூடு மாறும் சட்டம். பொய் சொன்னால் வருவான். ஆனால் ஒரு முறை சொன்ன பொய்தான் அந்த வீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அதனால் உங்களிடம் தருகிறேன். என்ன சொல்லலாம்? சீக்கிரம் சொல்லுங்கள். நெல்சன் லைனில்தான் இருக்கிறான். இருமலை அவனால் ரொம்ப நேரம் அடக்க முடியாது.