முதல் உப்புக்கூடை

வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பாத்தியை மிதித்து முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் அவசரப்பட்டார்கள். உப்பளத்துப் பாத்தியைக் காலால்தான் மிதித்து இறுக்க வேண்டும். ஓரிடம் இளகியிருந்தாலும் உப்போடு சேறும் சேர்ந்து வந்துவிடும். எல்லோரும் தோளோடு தோள் நின்று, குதிகாலை ஊன்றி ஊன்றி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்ந்தார்கள். மலர்கொடி மட்டும் இடது காலைச் சாய்த்து வைத்து மிதித்தாள். அந்தக் குதிகாலில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பாத்தியை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று இருந்தால் புண் எலும்பைத் தொட்டுவிடும், அப்புறம் காலை எடுக்க வேண்டியதுதான். சொல்வது சுலபம். அளத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். வீடோ ஒரு மணி நேர நடை. காலை நம்பித்தான் மலர்கொடி வீட்டில் அடுப்பு எரிகிறது.

அளத்து முதலாளி ஜெயப்பிரகாஷிடம் அவள் இரண்டு பருவமாக நச்சரித்ததில், பொங்கல் கழிந்து ஒரு கருப்பு டேங்க் வந்து இறங்கியது. லாரித் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவதாகப் பேச்சு. பெண்கள் தாங்களே இடம் பார்த்து, மண் கொட்டி, பாத்தியை மிதிப்பது போலவே மிதித்து ஒரு மேடை போட்டார்கள். எருமை ஏறி நின்றாலும் தடம் விழாத மேடை. ஒரு வாரத்தில் டேங்க் காணாமல் போனது. லீக் இருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார் முதலாளி. அவர்களும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது?

மாசியில் முதல் உப்பு பூத்தது. முதல் உப்பை ஈஸ்வரன் கோயில் பலிபீடத்தில் கொட்டாமல் அளத்திலிருந்து ஒரு மூட்டைகூட லாரி ஏறாது. கொட்டுவதும் பாத்தியை மிதித்தவளாகத்தான் இருக்க வேண்டும். அப்பா காலத்தில் ஒரு வருஷம் முறை தவறியதில் பருவம் முழுக்க மழை கொட்டிக் கெடுத்தது என்று ஜெயப்பிரகாஷே நடுங்கிக்கொண்டு சொல்வார். இந்த வருஷம் கூடை மலர்கொடியின் தலையில் இருந்தது. பின்னால் அவளோடு பாத்தி மிதிக்கும் ஆண்டாள், யுவராணி, மற்றவர்கள்.

பட்டு வேட்டியில் நின்ற ஜெயப்பிரகாஷ், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்குச் சுவரடியில் இருந்த சோழர் காலத்து எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தன் அளத்து உப்பில் ஒரு பங்கைக் கோயில் விளக்குக்கு எழுதிவைத்த கல் அது என்று அவருக்குக் கொள்ளைப் பெருமை. மலர்கொடி கல்லைப் பார்க்கவில்லை. மதில் ஓரமாக, ‘உபயம்: ஜெயப்பிரகாஷ்’ என்று மஞ்சள் பெயின்டில் எழுதி நின்ற கருப்பு டேங்கைப் பார்த்தாள். லாரியிலிருந்து இறக்கும்போது பட்ட கீறல்கூட அப்படியே இருந்தது. கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“மொதலாளி, அது நம்ம டேங்குதான?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “தொல்லியல் அதிகாரி வந்து பாத்துட்டுப் போனாரும்மா. உப்பு கல்ல அரிக்குதாம். தெனமும் நல்ல தண்ணியில கழுவணும்னு சொல்லிட்டாரு. சாமி காரியம், நான் இன்னா பண்றது?”

கல் உண்மையிலேயே அரித்துத்தான் இருந்தது. ஓரமெல்லாம் பொரிந்து, எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. கல்மேல் அவளுக்குக் கோபமில்லை. அதன் முன்னால் ஓர் அதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து, உற்றுப் பார்த்திருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கல்லயே அரிக்குதுன்னு தெரியுது உங்களுக்கு. அந்த உப்புலதான் நாங்க நிக்கிறோம்.”

“வேற டேங்க் வாங்கிக்கலாம். கொட்டும்மா, லாரி நிக்குது.”

“எப்ப வாங்குவீங்க?”

“பாக்கலாம்.”

இறக்கி வைத்திருந்த கூடையை மலர்கொடி மறுபடி தலைக்கு ஏற்றினாள். “அளத்து மேடையில டேங்க் ஏறட்டும். வந்து கொட்றேன்.”

சாமி கோபித்துக்கொள்ளப் போகிறது என்று ஆண்டாள் காதோரம் முணுமுணுத்தாள். மலர்கொடிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. கருவறைப் பக்கம் திரும்பி, உப்பு உனக்குத்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜெயப்பிரகாஷ் யுவராணியைக் கூப்பிட்டு, கூடையை வாங்கி நீ கொட்டு என்றார். அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆண்டாள் தரையைப் பார்த்தாள். மற்றவர்களும் அப்படியே. நானே கொட்டுகிறேன் என்று அவர் இரண்டடி எடுத்து வைத்தபோது, அது முறையில்லையே என்று குருக்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார். விருந்தாளிக்கு முன்னால் முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அதற்குள் கூடை வாசலைத் தாண்டிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவர் அளத்துக்கு வந்தார். லாரி காலியாக நின்றது. டிரைவர் மாயவன் டயர் நிழலில் படுத்திருந்தான். கரையோரம் குவித்த உப்பு அப்படியே இருக்க, பாத்திகளில் ஓர் ஆள்கூட இல்லை. எல்லாப் பெண்களும் டேங்குக்காகப் போட்ட மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதல் உப்புக்கூடை.

வேலைக்கு இறங்குகிறீர்களா, வேறு ஆள் கூட்டி வரட்டுமா என்று சத்தம் போட்டார்.

“கூட்டினு வாங்க,” என்றாள் மலர்கொடி. “அவங்களும் காலாலதான் மிதிக்கணும்.”

முதலாளி வந்து நின்றால் காலை மடக்கி எழுந்திருப்பது அளத்தில் பழக்கம். யாரும் எழுந்திருக்கவில்லை. மலர்கொடி புடவையைக் கணுக்கால்வரை ஒதுக்கி, இரண்டு காலையும் அவர் பக்கமாக நீட்டினாள். ஆண்டாள் ஒரு நொடி யோசித்துவிட்டு நீட்டினாள். பிறகு யுவராணி, பிறகு வரிசையாக எல்லோரும்.

ஜெயப்பிரகாஷ் குனியவில்லை. அவர் கண்ணெதிரே, பொரிந்து உதிர்ந்த அந்த உள்ளங்கால்களின் வெடிப்புகளில், அவருடைய அளத்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.