பிந்திப் பிந்தி வந்த கள்ளன்

அந்தப் பெட்டியைப் பார்த்த எவருக்கும் அதைக் கொம்பியூட்டர் என்று நம்ப மனம் வரவில்லை. பெரிய பிஸ்கட் தகரத்தின் அளவுதான் இருக்கும். தூக்கினால் அம்மிக்கல்லின் பாரம். காற்றுப் போக ஒரு ஓட்டைகூடக் கிடையாது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், முதுகில் வரிவரியாக உலோகத் தகடுகள், பெருவிரல் மொத்தத்தில் வயர்கள். எண்ணெய்க் கிணறுகளிலும் சுரங்கங்களிலும் கிடந்து உழைக்கப் பிறந்த சாமான். வெளிநாடொன்று அன்பளிப்பாக அனுப்பிய அதை, யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீரை அளக்கிற அலுவலகம் என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தது. கூட வந்த தடித்த கையேட்டைப் பிரித்துப் பார்த்த ஒரே ஆள் அற்புதராணி. அந்தக் குற்றத்துக்காகவே பெட்டி அவள் தலையில் கட்டப்பட்டது.

அவளுக்கு அதில் உள்ளூரச் சந்தோசம்தான். குருநகரில் கடற்றொழில் செய்கிற யாகப்புவின் மகள் அவள். சின்ன வயதில் தகப்பனின் ரேடியோவைக் கழற்றிப் பூட்டியபோது இரண்டு ஆணி மிஞ்சியதென்றும், ஆனாலும் ரேடியோ முன்னையைவிட நன்றாகப் பாடியதென்றும் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மூடிய எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

ஆனால் அது எண்பத்து நாலாம் ஆண்டு. இரும்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர், காலடியில் லொறி பற்றறி என்று பஸ்ஸில் போவதற்கு அதைவிட மோசமான ஆண்டைத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்தில் இருந்த மனிசன் இரண்டாவது தரிப்பிலேயே எழுந்து பின்னால் போய்விட்டார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் இதென்ன என்று கேட்க, விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது சுகம் என்று நினைத்து அவள் அதைப் பற்றறியில் கொழுவினாள். சிவப்பு எண்கள் மின்னத் தொடங்கியதும் அவன் நாலடி பின்னால் பாய்ந்தான். அலுவலகக் கடிதம் மட்டும் கையில் இல்லாவிட்டால் அவளுடைய கதை அன்றோடு முடிந்திருக்கும்.

பெட்டி போக வேண்டிய இடம் நெல்லியடிக்கு வடக்கே, கடலுக்கு ஒரு மைல் இப்பால் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணறு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிவிடும். நீர் எவ்வளவு நிற்கிறது என்று இரவு பகலாகப் பார்த்து, எல்லை தாண்டினால் மோட்டரை நிறுத்துவதுதான் பெட்டியின் வேலை. மற்றத் தோட்டக்காரர்கள் எல்லாம் சந்தேகமாகப் பார்த்துக் கையை விரிக்க, இந்தக் கிணற்றுக்காரர் மட்டும் வா வா என்று வருந்தி அழைத்தார்கள். ஏன் என்பது அவளுக்குப் போன பிறகுதான் விளங்கியது.

கிணற்றில் பாதி பொன்னம்பலத்துக்கு. மற்றப் பாதி அவருடைய தங்கை பத்மாவதிக்குச் சீதனமாகப் போனது. மோட்டர் பொது, ஒரு நாள் அண்ணன் இறைப்பு, மறுநாள் தங்கை இறைப்பு, இருட்டினால் எவரும் தொடக்கூடாது என்பது தகப்பன் வைத்த முறை. இப்படியே இருபது வருடம் சண்டை இல்லாமல் ஓடியது. பிறகு பொன்னம்பலம் கிணற்றுச் சுவரில் பெயின்றால் ஒரு கோடு போட்டார். பொழுதுபடும்போது நீர் கோட்டில் நிற்கும். சில நாள் விடியப் பார்த்தால் கோட்டுக்கு மேலே நிற்கும், அது ஊற்று. சில நாள் விடியப் பார்த்தால் நாலு விரற்கடை கீழே நிற்கும், அது களவு. கிணற்றடியில் குடியிருப்பது தங்கையின் புருசன் தம்பிராசா. ஆகவே கள்ளன் யாரென்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் கதைத்து ஒரு வருடமாகிவிட்டது. அவர் கள்ளனைப் பிடிக்கவும், அவர்கள் கள்ளன் இல்லை என்று காட்டவும் பெட்டியை எதிர்பார்த்திருந்தார்கள்.

இது ஒன்றும் அறியாத அற்புதராணி மோட்டர் கொட்டிலின் சுவரில் நாலு ஆணி இறுக்கிப் பெட்டியைப் பூட்டினாள். உலக்கைப் பூண் போன்ற பித்தளைக் குழாயை வயரில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். அதுதான் நீரின் பாரத்தை உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும். பெட்டி கண் விழித்தபோது ஏதோ வெளிநாட்டு நேரத்தைக் காட்டியது. தம்பிராசாவின் ரேடியோச் செய்தியைக் கேட்டு நேரத்தைத் திருத்தினாள். பிறகு வயரை ஒரு முழம் மேலே இழுத்தாள். சிவப்பு எண் ஒரு முழம் குறைந்தது. திரும்ப விட்டாள். எண் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தன்பாட்டில் சிரித்துக்கொண்டு இதையே ஐந்தாறு தரம் செய்து பார்த்தாள்.

பொன்னம்பலம் குடையை ஊன்றிக்கொண்டு இதைப் பார்த்தபடி நின்றார்.

"உந்தப் பெட்டி பொய் சொல்லுமோ பிள்ளை?"

"இல்லை ஐயா. தண்ணி எவ்வளவு நிக்குதோ அதைத்தான் சொல்லும்."

"அது காணும், வேறை ஒண்டும் தேவையில்லை," என்றார் அவர்.

அந்த வாரம் முடிய அவள் வந்து, பெட்டி நினைவில் வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பகலில் இறைப்பின் ஏற்ற இறக்கத்துக்குள் ஒன்றும் பிடிபடவில்லை. இரவில் மட்டும் தெளிவாக, நடுச்சாமத்துக்குப் பிறகு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. கண்டதைக் கண்டபடி சொன்னாள். பொன்னம்பலம் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை வந்தபோது பத்மாவதி படலையிலேயே காத்து நின்றாள். அவளுடைய மகள் குணலட்சுமிக்கு அடுத்த மாதம் கலியாணம். மணவறையில் மணமக்களின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து வாழ்த்துகிற அந்தப் பாலறுகை வைக்க வேண்டியவர் தாய்மாமன். களவெடுக்கிற வீட்டில் நான் பாலறுகு வைக்கமாட்டேன் என்று பொன்னம்பலம் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சாட்சிக்குப் பெட்டியையும் இழுத்திருந்தார்.

"நாங்கள் ராவிலை அந்த மோட்டரைத் தொடுறேல்லை பிள்ளை," என்றாள் பத்மாவதி. "இனி ஆர் நம்பப் போயினம்? கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுதாம். மாமன் இல்லாத மணவறையிலை என்ரை பிள்ளையை நான் எப்பிடி இருத்துறது?"

அற்புதராணிக்கு முகம் சுட்டது. ஒரு வீட்டைக் கெடுப்பதற்கா இந்தப் பாரத்தைச் சுமந்து வந்தோம் என்று இருந்தது. உடனே மோட்டருக்குப் போகும் கரண்டைப் பெட்டிக்கூடாக எடுத்து, பொழுதுபட்டால் மோட்டர் ஓடவே கூடாது என்று அதற்குக் கட்டளை கொடுத்தாள். மூடியைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து வந்து பார்த்தால், மோட்டர் ஒரு இரவும் மூச்சுக்கூட விடவில்லை. நீர் மட்டும் இறங்கியிருந்தது. அப்படியென்றால் தண்ணி அள்ளுகிற ஓலைப் பட்டையால் கையாலேயே அள்ளியிருப்பான் என்றார் பொன்னம்பலம். அந்த அகலக் கிணற்றில் நாலு விரற்கடை குறைய அள்ளுவதென்றால், நாரிப்பிடிப்போடு குனிய முடியாமல் திரியும் தம்பிராசா கிழமைக் கணக்கில் அள்ள வேண்டும். அதைச் சொல்லியும் அவர் மசியவில்லை.

அவர் போன பிறகும் அற்புதராணி கொட்டிலை விட்டு எழும்பவில்லை. இறக்கத்தை விட்டுவிட்டு வேறு கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்த்தாள்: ஒவ்வொரு இரவும் நீர் ஆகக் குறைந்து நின்றது எத்தனை மணிக்கு? ரப்பர் பொத்தான்களை அழுத்த அழுத்த எண்கள் வந்தன. முதல் நாள் இரண்டு மணிக்குக் கிட்ட. மறுநாள் மூன்றுக்குச் சற்று முன். அதற்கடுத்த நாள் மூன்றரை தாண்டி. கள்ளன் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் பிந்தி வந்திருக்கிறான். ஒரு நாளாவது முந்தி வரவில்லை. ஒரு நாளாவது வராமல் விடவும் இல்லை. இப்படி ஒழுங்கான கள்ளனை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பத்மாவதி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கையில் கோப்பையை வாங்கியபோதுதான் அற்புதராணிக்குத் தன் தாய் கத்தரீனாவின் நினைவு வந்தது. குருநகர் வீட்டில் மணிக்கூடு சுவரில் அழகுக்குத் தொங்கியது. கடலுக்குப் போகிற அப்புவுக்கு அம்மா தேத்தண்ணி வைப்பது நீர்ப்பெருக்கைப் பார்த்துத்தான். இன்று வைத்த நேரத்தில் நாளைக்கு வைக்கமாட்டாள். முக்கால் மணி பிந்தித்தான் அடுப்பு மூட்டுவாள். மறுநாள் இன்னும் பிந்தும்.  இந்தக் கள்ளனைச் சின்ன வயதிலிருந்தே அற்புதராணிக்குத் தெரியும்.

ஆனால் கடல் ஒரு மைலுக்கு அப்பால். வாயில் இருந்த தேத்தண்ணியோ இந்தக் கிணற்றின் கற்கண்டுத் தண்ணீர், உப்பின் சுவடே இல்லை. கண்டதை அவசரப்பட்டுச் சொல்லி ஏற்கெனவே ஒரு வீட்டைக் கெடுத்தாயிற்று. இந்த முறை பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

மறுநாட் காலை பத்மாவதியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். ஆடி அமாவாசைக்கும் செத்தவீட்டுக் காரியத்துக்கும் தவிரத் தான் கடற்கரைக்கு வந்ததில்லை என்றாள் பத்மாவதி. முருகைக்கல் பொந்தொன்றில் தடியை இறுக்கி, கரியால் கோடுகள் கீறிவிட்டு, இருவரும் தாழை நிழலில் குந்தினார்கள். ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அன்று பத்மாவதி வீட்டு இறைப்பு முறை என்பதால் மோட்டரை ஓடவிடவில்லை, அங்கே கிணற்றைப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. கடல் ஒவ்வொரு கோடாக விட்டு இறங்கியது. பாறைகள் தலை காட்டின. பிறகு ஒரு நேரம் அசையாமல் நின்று, தயங்கித் தயங்கி ஏறத் தொடங்கியது. அற்புதராணி கைமணிக்கூட்டைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து பெட்டியிடம் கேட்டாள். கிணறும் அன்று காலை இறங்கி, நின்று, ஏறியிருந்தது. கடல் திரும்பி ஒரு மணித்தியாலம் கழித்து.

"கடல் எங்கடை கிணத்துக்குள்ளை வருதோ?" என்று கேட்டாள் பத்மாவதி. அவள் குரலில் பயம் இருந்தது.

"இல்லை அக்கா. கீழை சுண்ணாம்புக்கல்லு முழுக்கப் பொந்து. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிக்குது. கடல் ஏறினால் இதையும் தூக்கும், இறங்கினால் இதுவும் இறங்கும். கண்டபாட்டுக்கு இறைச்சால்தான் உப்பு மேலை வரும்."

பத்மாவதி கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு, அண்ணன் களவென்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து தாங்கள் தங்கள் முறையில் வெங்காயத்துக்குத் தேவையோ இல்லையோ அடிமட்டும் இறைத்து விடுவதாகச் சொன்னாள். அண்ணனும் அதைத்தான் செய்கிறார். ஒருவருக்கு ஒருவர் மிச்சம் வைக்கக்கூடாதென்ற வீம்பு. அதைச் சொல்லும்போது அவள் அற்புதராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியப் பொன்னம்பலத்தைக் கூப்பிட்டபோது அற்புதராணி பெட்டியைச் சாக்கால் மூடிவிட்டாள். அவருக்குச் சாட்சிக்குப் பெட்டி வேண்டாம். அவருடைய கோடும் அவருடைய மணிக்கூடும் போதும். அன்று அவருடைய இறைப்பு நாள். மோட்டரைத் தொடாமல் பின்னேரம் வரைக்கும் கிணற்றடியில் இருக்கச் சொன்னாள். நீர் பதினொரு மணி வரைக்கும் இறங்கும், பிறகு ஏறும் என்று முதலே சொல்லிவைத்தாள். அவர் நம்பாத முகத்தோடு கிணற்றுக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எதிரில் தென்னையின் கீழ் தம்பிராசா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிய இருந்தார்.

நீர் இறங்கியது. எவரும் தொடவில்லை, மோட்டர் ஓடவில்லை, பட்டை கொழுவியில் தொங்கியது. பொன்னம்பலத்தின் கண் முன்னாலேயே கோட்டை விட்டு நாலு விரற்கடை கீழே போயிற்று. ஊற்று அடைபட்டிருக்கும் என்று முணுமுணுத்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது எழும்பவில்லை. வெயில் சாயத் தொடங்க, நனைந்து கறுத்திருந்த கல்லை நீர் ஒவ்வொரு விரலாகத் திரும்பப் பிடித்தது. கோட்டைத் தொட்டது. தாண்டியது. அவர் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் நெஞ்சை அழுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"களவெடுத்தவன் திருப்பி ஊத்துவானோ?" என்றார். எவரையும் பார்த்துக் கேட்கவில்லை.

ஏறினால் ஊற்று, இறங்கினால் களவு என்று ஒரு வருடமாகத் தான் வைத்திருந்த கணக்கின் பிழை அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்தார். பாதியைக் கிழித்து, நாலடி நடந்து போய்த் தம்பிராசாவிடம் நீட்டினார். தம்பிராசா அதைப் பார்த்தார். ஒரு வருடத்துக் கோபத்தை ஒரு வெற்றிலைக்கு விற்க அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

பொன்னம்பலம் கொட்டிலுக்குள் வந்து சாக்கைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தார். தன்னுடைய கோட்டுக்கு ஒரு முழம் கீழே நீர் போனால் மோட்டர் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லச் சொன்னார்.

"ஆர் இறைச்சாலும் நிப்பாட்டட்டும் பிள்ளை. நான் எண்டாலும்."

அற்புதராணி பொத்தான்களை அழுத்தினாள். பெட்டி அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒருதரம் மின்னியது. வெளியே வந்தபோது பத்மாவதி தேத்தண்ணியோடு நின்றாள். அண்ணை என்று மட்டும் சொன்னாள்.  அவர் கோப்பையை வாங்கி, அடிமட்டும் குடித்து முடித்தார். பிறகு குடையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே, குறைப்படுகிற குரலில் சொன்னார்.

"பாலறுகு வைக்கிற நேரத்தை எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

பத்மாவதி எட்டரை மணி என்றாள். அவர் மறந்துவிடக்கூடாதென்று இரண்டாந் தரமும் சொன்னாள்.