இறக்கை ஒடிந்த காற்றாலை

படகோட்டி ஏமஸ் தொப்பியைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தான். முப்பது வருஷத்தில் அவன் அப்படி நுழைந்ததில்லை.

"பருந்துக் கூட்டுல நாலு முட்டையும் போச்சு, ஐயா," என்றான் என் கணவர் லயனலிடம். "நேத்து ரயில்ல வந்த ரெண்டு கனவான்கள், அபூர்வ முட்டை சேகரிக்கிறவங்க, இறக்கை ஒடிஞ்ச காத்தாலை எங்க இருக்குன்னு விசாரிச்சாங்களாம். முட்டையைப் பொதிஞ்ச பஞ்சு மிச்சம் நாணல்ல கெடக்கு."

லயனல் வேட்டை, தூண்டில், பறவை என்று இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்தைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவர். கண் மங்கி மூன்று வருஷமாகிறது. ஏமஸ் அவரைப் படகில் உட்கார வைத்து, கழி ஊன்றியபடியே கண்ணில் படுவதையெல்லாம் சொல்வான். இவர் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். இந்த ரகசியம் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த வசந்தத்தில்தான் சேற்றுப் பூனைப்பருந்து இங்கே கூடு கட்டியது. எழுதக்கூடாது என்று ஏமஸ் சத்தியம் வாங்கியிருந்தான். மூன்று வாரம் மனுஷர் வாயைக் கட்டினார். நான்காவது வாரம் முடியவில்லை; இறக்கை ஒடிந்த காற்றாலையருகே கூடு என்று கட்டுரையில் சொல்லிவிட்டார்.

"ஆலையை மட்டும் எடுத்துடலாமே?" என்று தட்டும்போதே கேட்டேன்.

"ஊர்ப் பேரைச் சொல்லலியே, ஐவி. இங்கிலாந்துல ஒடிஞ்ச ஆலைக்கா பஞ்சம்?"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் தட்டியவை என் விரல்கள். பாவி, நானாவது அந்த வரியை விட்டிருக்கலாம்.

"ஏமஸ், நான் வேணும்னு செய்யலப்பா," என்றார் லயனல் இப்போது.

"தெரியும் ஐயா. அந்தப் பறவைக்கு அது தெரியாதே. இனிமே உங்ககிட்ட எதைச் சொல்லவும் எனக்குப் பயமா இருக்கு." என்னைப் பார்த்து, "வர்றேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஊற்றிய தேநீர் அப்படியே ஆறியது.

ஒன்பது நாளாயிற்று. இந்த வாரக் கட்டுரை எங்கே என்று பத்திரிகையிலிருந்து தந்தி வந்துவிட்டது. லயனல் பழைய குறிப்புகளைப் படிக்கச் சொல்வார். பாதியில் போதும் என்பார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது சாப்பாட்டு மேஜையிலேயே அழுகிறார்.

இன்று காலை கால்வாயில் கழி ஊன்றும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏமஸ்தான்! என் பூட்ஸ் எங்கடி?"

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே படகு எங்கள் படித்துறையை நெருங்கியது. ஏமஸ் தலையைத் திருப்பவில்லை. படித்துறையைத் தாண்டிப் போக, கழியை அழுத்தி ஊன்றினான்.

"படகைக் கட்டிட்டானா?" என்றார், ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மற்றதன் கயிற்றை விரலால் தடவித் தேடியபடி.