துடைத்த எண்கள்

ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வரமாட்டார்கள். ஆகவே பல் மருத்துவனான தம்பி, அக்காவின் பழைய கம்ப்யூட்டரைத் தன் சிகிச்சை அறையிலேயே பிரித்தான். கல்லூரியில் படித்தபோது அவள் எழுதிய சதுரங்க நிரல் அதன் ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருந்தது. வேறு பிரதி கிடையாது. மாலையில் அவள் வரும்போது அதை ஓட்டிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

மூடியைக் கழற்றினான். மதர்போர்டின் மூலையில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சொத்தையைக் கண்ட கை சும்மா இருக்குமா? வேரோடு எடுத்தான். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கார்டு, கேபிள், டிஸ்க் என ஒன்றையும் விடாமல் துடைத்தான். சுத்தம் என்று வந்துவிட்டால் அவன் தன் பேச்சையே கேட்பவனல்லன்.

அக்கா வந்ததும் சுவிட்சைப் போட்டான். திரை ஒளிர்ந்தது, ஆனால் டிஸ்கைக் காணவில்லை என்றது.

"பேட்டரி செத்ததும் கம்ப்யூட்டர் டிஸ்கோட அளவ மறந்திருக்கும்," என்றாள் அக்கா. "அந்த எண்கள நாமளே தட்டிக் குடுக்கணும். அது ஒண்ணும் உன் தப்பில்ல. லேபிள்ல இருக்கும், பாத்துச் சொல்லு."

லேபிள் வெள்ளைவெளேரென்றிருந்தது.

"தொடச்சிட்டேன்க்கா."

"எதடா?"

"எல்லாத்தையும்."

"ஒரு பல்லத் தொடணும்னாகூட எக்ஸ்ரே கேப்ப. இத ஒரு போட்டோ எடுக்கத் தோணலையா?"

அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

"ரெண்டு நிமிஷம் உக்காருக்கா."

டிஸ்கை நோயாளி நாற்காலியில் வைத்து, மேல்விளக்கைச் சாய்த்தான். அந்த எண்கள் அச்சுப்பொறியின் ஊசியால் குத்தி எழுதப்பட்டவை. மை போயிருந்தது, பள்ளம் போகவில்லை. சாய்ந்த ஒளியில் ஒவ்வொன்றாய் நிழல் காட்டின. அவன் படிக்க, அவள் தட்டினாள்.

"கடைசி இலக்கம் மூணா, எட்டான்னு தெரியல."

"எங்கிட்ட கேட்டா? ரெண்டையும் போட்டுப் பாப்போம்."

மூன்றுக்கு டிஸ்க் மசியவில்லை. எட்டுக்கு உள்ளே ஏதோ கரகரத்தது. கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின. அக்கா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

சதுரங்கப் பலகை விரிந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கம்ப்யூட்டர் ஆற அமர யோசித்தது. கடைசியில், தான் எழுதிய நிரலிடமே அக்கா தோற்றாள்.

"சிரிக்காதடா," என்றபடி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள்.