இருபத்து மூன்றாவது துண்டு

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். ஆமை ஓட்டுத் துண்டுகளில் ஒட்டியிருந்த களிமண்ணை யாரையும் கேட்காமல் கழுவிவிட்டேன்.

லோணாவளா லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதிய சாந்தகுமாரி, பேனாவை மூடவில்லை. இன்னும் நிறைய இருந்தது.

தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் அவளுக்கு உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை. அங்கே எந்தப் பொருளையும் கழுவித் துடைத்த பிறகுதான் எண் போடுவார்கள். மாலையில், கல்லாகிப்போன பழைய உயிர்களைப் படிக்கும் தொல்லுயிர் வகுப்புக்கு வந்தாலும் கைப்பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. இன்று தன்னிடம் தந்த ஆமை ஓட்டுப் பெட்டியைத் திறந்தாள், எண்ணினாள், இருபத்து மூன்று. அரை மணியில் எல்லாம் பளிச்சென்று வரிசையில் கிடந்தன.

பாடம் நடத்தும் ரீனா பார்த்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எரிமலைக் குழம்பு ஒருமுறை பரவி ஆறி, மறுமுறை பரவுவதற்குள் தேங்கிய ஏதோ ஒரு நீரில் வாழ்ந்த ஆமை அது; அந்த நீர் ஆறா குளமா என்று சொல்ல மண்தான் சாட்சி என்றாள். சாட்சி இல்லையென்றால் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கண்காட்சியில் அந்தப் பெட்டி இடம்பெறாது. சாந்தகுமாரி தனியாகச் செய்த முதல் வேலை அது. தனக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்ற பழைய கேள்வி மறுபடி எட்டிப் பார்த்தது.

பக்கத்து மேஜை ஜெகதீசன் கோயம்புத்தூர்க்காரன்; ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. "ஏனுங்க, ஆமையப் பீரங்கின்னு நெனச்சுட்டீங்களா?" என்றபடி, உதவுவதாக நினைத்து, துண்டுகளைக் கழுவிய கலங்கல் தண்ணீர் வாளியைக் கொட்டத் தூக்கினான்.

"கீழ வைங்க. எண்ணிக்கை சேரல."

மேஜையில் இருபத்திரண்டுதான் இருந்தன. கிடங்கில் ஒரு ஸ்பிரிங் குறைந்தாலும், கழுவிய மண்ணெண்ணெயை வடிகட்டாமல் யாரும் கொட்டமாட்டார்கள். சாந்தகுமாரி துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள், ஜெகதீசனே ஊற்றினான். அடியில் நகமளவு துண்டு சிக்கியது. அதைச் சுற்றி, சேற்றில், எள் போல ஏதோ. லென்ஸை வைத்துப் பார்த்தாள். குட்டி நத்தைகள். மெல்லிய ஓடு, ஒன்றுகூட உடையவில்லை. கூடவே ஒரு மீன் செதில்.

"ஓடற தண்ணியில இருந்திருந்தா இதெல்லாம் நொறுங்கியிருக்கும். ஆமை ஓட்டோட ஓரமும் மழுங்கல. இது குளம்தான்."

"நினைக்கிறேன்" என்று சேர்க்காமல் சாந்தகுமாரி அந்த வகுப்பில் பேசியது அதுதான் முதல் தடவை. வாளி முதலில் சுத்தமாக இருந்ததா என்று ரீனா கேட்டாள். கழுவத் தொடங்கும் முன் வாளியை அலசிய நேரம் சாந்தகுமாரியின் நோட்டில் இருந்தது: ஆறு முப்பத்தைந்து. ரீனா அதைப் படித்துவிட்டு, பெட்டியின் பெயர் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

'குளத்து ஆமை' என்று அவளே எழுதினாள்.

ரயில் ஆகுர்டி தாண்டியது. வாளி சுத்தம், சரி, அந்த நத்தைகள் குழாய்த் தண்ணீரிலேயே வந்திருந்தால்? அந்த யோசனை வந்ததும் கடைசி வரியை எழுதிப் பேனாவை மூடினாள்.

நாளை: அதே குழாயில் ஒரு வாளி பிடித்து, துவைத்த துப்பட்டாவில் வடிகட்டி, லென்ஸில் பார்க்க வேண்டும்.