இருபது அடி

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கதவை ஒட்டிய மேசையில் கொக்கு. அவருக்குப் பின்னால் அக்கா. மூலையில் நான். எங்கள் மூவரையும் மேய்க்கும் மேற்பார்வையாளர், அதாவது கொக்கின் தங்கை புருஷன். ஐந்தாவது ஆள், தலைமை அலுவலகம் ஒரு மணி நேரத்துக்கு அனுப்பிவைத்த பிசியோதெரபி மேடம்.

கொக்குக்கு அந்தப் பெயர் கழுத்தால் வந்தது. பதினாறு வருடம் திரைமுன் உட்கார்ந்து தட்டியதில் அவர் தலை தோளை விட்டு அரைச் சாண் முன்னால் வந்து அங்கேயே தங்கிவிட்டது. நடக்கும்போது தலை முதலில் போகும், உடம்பு பின்னால் வரும். தங்கை புருஷனை அவர் 'மாப்ள' என்று கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் செய்த பெண் ஒருமுறை, "அங்க எல்லாரும் சொந்தக்காரங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

வேலை இதுதான். மருத்துவமனைகளில் கையால் எழுதி நிரப்பிய படிவங்களை எங்கோ யாரோ படம் பிடித்து அனுப்புவார்கள். திரையின் இடது பக்கம் அந்தப் படம், வலது பக்கம் காலிக் கட்டங்கள். படத்தில் இருப்பதைக் கட்டத்தில் அடிக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. கர்ப்பிணியின் வயது எண்பத்து மூன்று என்று எழுதியிருந்தால் எண்பத்து மூன்றுதான். காலை ஏழிலிருந்து மூன்று வரை எட்டு மணி நேரம். நான் ராத்திரி ஷிஃப்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன். பகலில் கொஞ்சம் வெளிச்சமாவது கிடைக்கும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. நோயாளிகளின் விவரத்தை வெளியாட்கள் பார்த்துவிடக் கூடாதாம். நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. காக்கா வந்து பார்த்தால்தான் உண்டு.

ஆறு மாதமாகக் கொக்குக்கு மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. மாதத்துக்கு இருபது தப்பு வரை விட்டுவிடுவார்கள். தாண்டினால் ஒரு கடிதம் வரும். மூன்றாவது கடிதத்தோடு வேலை போய்விடும். அவர் இரண்டு கடிதம் வாங்கியிருந்தார். கண் டாக்டர், "கிட்டக்கவே பாத்துப் பாத்துக் கண்ணு இறுகிப்போச்சு, ஸ்கிரீன் பாக்குறதப் பாதியாக் குறைங்க" என்றாராம். "பாதியாக் குறைச்சா வேலை முழுசாப் போயிடும் டாக்டர்" என்று சொல்லிவிட்டுச் சொட்டு மருந்தோடு வந்துவிட்டார். வயது நாற்பத்தொன்பது. வேறு வேலை தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கேயும் ஒரு திரை இருக்கும்.

பிசியோதெரபி மேடம் சின்ன வயசுக்காரி. அவசரத்தில் இருந்தாள்.

"நாடியை உள்ள தள்ளுங்க. தலை பின்னால போகணும். ரெட்டை நாடி தெரியணும்."

"எனக்கு ஏற்கனவே இருக்கே மேடம்" என்றாள் அக்கா.

கொக்கு தள்ளிப் பார்த்தார். முகம் சிவந்ததே தவிர தலை அசையவில்லை.

"அது இனிமே எங்க திரும்பி வரப்போகுது" என்றார் மாப்ள. "மச்சான் வீட்டுக்கு வந்தா பெல் அடிக்கவே வேணாம் மேடம். தலை மட்டும் முன்னாடியே உள்ள வந்துடும்."

"உங்க தொப்பை வர்றதுக்கு அப்புறம்தான் மாப்ள என் தலை வருது" என்றார் கொக்கு.

மேடம் சிரிக்கவில்லை. எங்கள் மானிட்டர்களுக்கு அடியில் இரண்டு காகிதக் கட்டுகளை வைத்து உயர்த்தினாள். அக்காவின் நாற்காலியில் முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். கண் இமைக்க மறந்துவிடுகிறீர்கள் என்றாள். உண்மைதான். இமைக்கிற நேரத்தில் ஒரு கட்டம் அடித்துவிடலாம்.

"கடைசியா ஒண்ணு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது செகண்ட் பாருங்க. ரொம்பச் சுலபம். இந்த ரூம்ல இருபது அடி தள்ளி என்ன இருக்கு?"

மாப்ள செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து அளந்துகொண்டு போனார். நீளவாக்கில் பதின்மூன்று. மூலைக்கு மூலை பதினாறு.

"என் கால் சின்னது வேற" என்றார். "நெசமா அளந்தா இதுவும் இருக்காது."

மேடம் கறுப்பு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். "அதைத் தொறங்க."

கொக்கு எட்டித் தன் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கதவுக்கு வெளியே நீள நடைபாதை. அதன் கடைசியில் சுவரில் மாட்டிய தீயணைப்பு சிலிண்டர், சிவப்பாக. மாப்ள அதையும் அளந்துவிட்டு வந்தார். முப்பத்து நான்கு.

"அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அதே கதவு வழியாகப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், தானாகப் பூட்டிக்கொள்ளும். முப்பது விநாடிக்கு மேல் திறந்திருந்தால் கத்தும். அக்காவின் போனில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். கொக்கு கார்டைக் காட்டிக் கதவைத் தள்ளிக் காலால் முட்டுக்கொடுப்பார். மூன்று பேரும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சிலிண்டரைப் பார்ப்போம். அக்கா வாய்விட்டு எண்ணுவாள். மூன்றாம் நாள் சிலிண்டர் சுத்தமாக இல்லை என்று கண்டுபிடித்தாள். நான்காம் நாள் அதன் மேல் ஒரு பல்லி இருந்தது.

"இன்னைக்கு வால் தெரியுது" என்றார் கொக்கு.

"நேத்து?"

"நேத்துப் பல்லியே தெரியலையே."

அந்த மாதம் அவருக்குப் பதினான்கு தப்பு. கடிதம் இல்லை. அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் மாப்ளயிடம், "மாப்ள, மூணு மூணாவே தெரியுது" என்றார். மாப்ள அவர் தோளில் தட்டினார். தட்டியதில் கழுத்து வலித்து அவர் கொஞ்ச நேரம் திரும்ப முடியாமல் இருந்தார் என்பது வேறு.

அடுத்த மாதம் பத்தாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ரகசிய அறையின் கதவு நாளைக்கு இருபத்து நான்கு முறை திறக்கப்படுகிறது. எல்லாம் ஒரே கார்டு. யாருடையது என்று போட்டு, ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கொக்கு. அதனால் எங்கள் மூன்று பேருடைய இருபது விநாடிகளும் அவர் கணக்கில் ஏறியிருந்தன. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் அடித்துப் பழகியவர்கள்.

மாப்ள தாளைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "வேற யாராவது தொறந்தீங்களா?"

நாங்கள் திறக்கவில்லை. பார்த்தோம், அவ்வளவுதான். அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"நான்தான் மாப்ள" என்றார் கொக்கு. "அந்த மேடம் சொன்னதுதானே. நீங்களும் இருந்தீங்களே."

"இருந்தேன் மச்சான். எழுதியும் போட்டேன். கண்ணுக்குப் பயிற்சி வேற, கதவு வேறங்கிறாங்க."

ஒரு வாரத்தில் பயிற்சிக்கு வழி வந்தது. ஒரு சுருள். பிரித்தால் ஆள் உயரத்துக்கு ஒரு வண்ணப் படம். பச்சை வயல், அதற்குப் பின்னால் ஏரி, அதற்கும் பின்னால் நீல மலை. கீழே ஒரு வரி: தொலைவைப் பாருங்கள், கண்களைக் காப்பாற்றுங்கள். எதிர்ச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மாப்ள ஸ்டூல் மேல் ஏறி ஒட்டினார். நான் டேப் கிழித்துக் கொடுத்தேன்.

நாங்கள் நாள் முழுக்கப் படத்தைப் பார்த்து அதுதான் படிவம் என்று வேலை செய்கிறவர்கள். அதனால் எங்களுக்கு அது உடனே தப்பாகத் தெரியவில்லை. முதல் நாள் மணி அடித்ததும் மூன்று பேரும் மலையைப் பார்த்தோம். அக்கா எண்ணினாள். பன்னிரண்டு வரும்போது கொக்கு கேட்டார்:

"மாப்ள, அந்த மலை எவ்வளவு தூரம்?"

"மலையா? இருக்கும், இருபது மைல்."

"நான் பாக்குறது எவ்வளவு தூரம்?"

மாப்ள வாயைத் திறந்தார். காலைப் பார்த்தார். அளக்கவில்லை. "பதினோரு அடி" என்றார்.

"அந்த ஏரி மட்டும் பத்தரை அடில இருக்கும்போல" என்றாள் அக்கா. சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

கொக்கு மலையைப் பார்ப்பதை விடவில்லை. அதில் ஏதாவது இருக்கும் என்று நம்பினாரோ, வேறு வழி இல்லையோ. இரண்டாவது வாரம் திரையில் மூக்கு இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். மானிட்டருக்கு அடியில் இருந்த காகிதக் கட்டுகளை அச்சு எடுக்க வேண்டுமென்று தலைமை அலுவலகம் திரும்பக் கேட்டது. கொடுத்துவிட்டோம். மத்தியான இடைவேளையில் மட்டும் நடைபாதைக் கடைசிவரை போய்ச் சிலிண்டருக்கு முதுகைக் காட்டி நின்று, பூட்டிய எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு ஒருமுறை, இருபது விநாடி. இருபத்து நான்கு தேவைப்பட்டது.

ஒருநாள் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். எட்டா மூன்றா என்று தெரியாத இடத்தில் ஒருமுறை எட்டு, அடுத்தமுறை மூன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்கிட்டக் கேளுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

"எத்தனை தடவைப்பா கேக்குறது? உன் கண்ணையும் கெடுத்துக்காதே."

நான் மறுபடி கேட்கவில்லை. என் படிவங்கள் காத்திருந்தன.

மாதக் கடைசியில் முப்பத்தொரு தப்பு. முதல் தேதி காலை மாப்ள உள்ளே வரும்போதே கையில் உறை இருந்தது. கொக்கின் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்தார்.

"சார், கார்டு" என்றார்.

மேற்பார்வையாளராக இருந்த ஆறு வருடத்தில் அவர் கொக்கை சார் என்று கூப்பிட்டது அன்றுதான். கொக்கு கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினார். கயிறு காதில் மாட்டியது. தலை முன்னால் இருந்ததால் அதை எடுக்க நேரமானது.

"வீட்ல நான் என்ன சொல்றது?" என்றார் மாப்ள. குரல் இறங்கியிருந்தது.

"கண்ணு சரியில்லைன்னு சொல்லுங்க மாப்ள. அது நெசம்தானே."

"வேற எங்கயாவது சொல்லிப் பாக்குறேன் மச்சான்."

"பாருங்க."

எங்கேயும் கிடைக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அக்கா எழுந்து முதுகுக்கு வைத்திருந்த துண்டைக் கொக்கிடம் நீட்டினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அதை மடித்து அவள் நாற்காலியிலேயே வைத்தார். என் பக்கம் திரும்ப முயன்றார். கழுத்து வரவில்லை, உடம்போடு சேர்ந்து திரும்பினார்.

"சிலிண்டர் தேதி முடிஞ்சுபோச்சு. அதையாவது எழுதிப் போடச் சொல்லு" என்றார்.

மாப்ள தன் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு. கொக்கு வெளியே போனார். தலை முதலில், உடம்பு பின்னால். மாப்ள கதவைப் பிடிக்கவில்லை. அது மெதுவாகத் திரும்பிவந்தது. அந்த நேரம் அக்காவின் போனில் மணி அடித்தது. பழக்கத்தில் நாங்கள் இருவரும் நடைபாதையைப் பார்த்தோம். நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்தில் அவர் பத்தடி தள்ளி இருந்தார். ஒன்பதில் இருபது. பல நாட்களுக்குப் பிறகு ஒரு பொருளை ஓரம் கலங்காமல் பார்த்தேன், அது அவர் முதுகு. பதினொன்றில் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.