மூன்றாவது பள்ளம்

கோளரங்கத்தில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்பவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வரப்போவது அவள் மகளின் வகுப்பு. "எங்கம்மா வேற சூரியனைச் சுத்துற கிரகத்தையெல்லாம் காட்டுவாங்க" என்று ஒரு வாரமாக மகள் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். காட்டுவதற்கு இருந்ததோ ஒரு மூடிய பெட்டியும் திரையில் ஒரு கோடும்தான். பிள்ளையின் மானம் போய்விடுமோ என்று பயந்தாள்.

"அங்க வந்து அம்மான்னு கூப்பிடாதே. எல்லாரையும் போல மேடம்னு சொல்லு" என்று வீட்டிலேயே எச்சரித்திருந்தாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம்.

"சரி. உன் கோட்டுல பட்டன் தொங்குதும்மா."

"அப்புறம் பார்க்கலாம்" என்று ஓடிவந்தவள், அதே ஓட்டத்தில் பெட்டியைத் திறந்தாள். நடுவில் பல்பைப் பொருத்தி, அதைச் சுற்றிச் சுழலும் தட்டில் களிமண் அப்பி இரண்டு உருண்டைகளை நட்டு மூடினாள்.

நாற்பது பிள்ளைகள், முப்பது நிமிடம். அடுத்த பள்ளி அதற்குள் வாசலில் வந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தக் கிரகமெல்லாம் ரொம்ப ரொம்ப தூரம். நேரா பார்க்கிறது குதிரைக்கொம்பு. அதனால விஞ்ஞானிங்க அதோட சூரியனையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கிரகம் குறுக்க வந்தா வெளிச்சம் துளி குறையும். பெட்டிக்குள்ள பல்புதான் சூரியன், அதோட வெளிச்சத்தை உள்ளேயே ஒரு மெஷின் அளக்குது. வெளிச்சம் குறையும்போது திரையில கோடு பள்ளமாகும். எத்தனை கிரகம், சொல்லுங்க."

கோடு ஓடியது. "ரெண்டு" என்று வகுப்பே கத்தியது.

"மூணு, மேடம்" என்றாள் மகள். "ரெண்டு பெரிய பள்ளத்துக்கு நடுவுல சின்னதா ஒண்ணு. ஒவ்வொரு சுத்துலயும் வருது."

அம்மாவும் அதைப் பார்த்திருந்தாள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு, சின்னதாக எது தெரிந்தாலும் கருவியின் நடுக்கம் என்று தள்ளிவிடுவது பழகிப்போன ஒன்று. கடிகாரம் வேறு துரத்தியது.

"அது மெஷினோட நடுக்கம். உள்ள வெச்சவளே நான்தான். ரெண்டுதான்."

"அவங்கம்மாவே இல்லைங்கிறாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, வகுப்பு சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு திரைப்பக்கம் திரும்பவே இல்லை. வேறு யார் பிள்ளை சொல்லியிருந்தாலும் அவள் பெட்டியைத் திறந்தே காட்டியிருப்பாள்.

வகுப்பு வெளியேறியது. ஒவ்வொரு சுத்துலயும் வருது என்றது மட்டும் அவள் மண்டையைக் குடைந்தது. நடுக்கம் எங்காவது நேரம் தவறாமல் வருமா? அடுத்த பள்ளியை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

தட்டில் முன்பு எப்போதோ ஒட்டிய களிமண் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதில் குத்திக்கொண்டு ஒரு பட்டன் நேராக நின்றது. கை தானாகப் போட்டிருந்த கோட்டுக்குப் போனது. பட்டன் தொங்கிய இடத்தில் நூல்தான் மிச்சம்.

விழுந்தடித்து ஓடினாள். கிளம்பிக்கொண்டிருந்த பள்ளி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். மூச்சு வாங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூணுதான். இவ சொன்னதுதான் சரி. நான்தான் திறந்து பார்க்காமலேயே இல்லைன்னுட்டேன்" என்று எல்லோருக்கும் தெரியும்படி பட்டனைத் தூக்கிக் காட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை. மகள் பட்டனைப் பார்த்தாள், பிறகு அம்மா போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"நான் காலையிலேயே சொன்னேன், மேடம்."